பெயர் நீள நிர்ணயக் குழு

தனியாக இருக்கும் முதியவர்களுக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் துபாய்க்கும் டப்ளினுக்கும் போய், வீட்டுக்கு ஒரு கிழவி, ஒரு நாய், ஒரு கண்காணிப்புக் கேமரா என்று ஆகிப்போன மாநிலத்தில் அது நியாயமான எண்ணம்தான். திருவனந்தபுரத்தில் பட்டம் சந்திப்புக்கு அந்தப்புறம் நாலு மாடிக் கட்டடம் எழும்பியது. ‘தனித்திருப்போர் துணை ஆணையம்’ என்று பலகை வைத்தார்கள். கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது, கருத்தரங்குக் கூடம் இருந்தது, இயக்குநருக்குத் தனிக் குளியலறை இருந்தது. துணை மட்டும் முதல் மாடியில், ஒரு நீள அறையில், காதில் கருவி மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தது.

அந்த வரிசையில் ஜன்னல் ஓரமாக இருந்தவள் விலாசினி. ஐம்பதை நெருங்குகிறவள். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் அயர்லாந்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், பேசிக்கொண்டே பாத்திரம் கழுவுவான். நெடுமங்காட்டு வீட்டுக்கு அவள் திரும்பினால், மறுநாள் காலை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்வரை வாய் திறக்க வேலை கிடையாது. நாள் முழுக்கத் தனியாக இருப்பவர்களோடு பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது ஒரு தகுதி என்று நேர்முகத் தேர்வில் யாரோ பாராட்டியும் இருந்தார்கள்.

வேலை இப்படி. ஒருவர் கூப்பிட்டால் பெயர், வீட்டுப்பேர், ஊர் கேட்டு ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். அவருடைய பக்கம் திரையில் திறக்கும். திறந்த பிறகு மூன்று நிமிஷம். சாப்பிட்டீர்களா, மருந்து சாப்பிட்டீர்களா, வயிறு சரியாகப் போகிறதா, தனிமை உணர்வு உண்டா? கடைசிக் கேள்விக்கு ‘உண்டு’, ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்று மூன்று விடைகள். மூன்று நிமிஷம் முடிந்ததும் கருவியே நன்றி சொல்லித் துண்டித்துவிடும். துணைக்கும் ஓர் அளவு உண்டல்லவா?

ஆனால் திரை திறக்கிறவரை ஓடுகிற நேரத்துக்குக் கணக்கில்லை. ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விதி. அந்த நேரத்தில் வேறு என்ன பேசலாம், பேசக்கூடாது என்று விதி எழுதியவர்கள் எழுதவில்லை. இயந்திரம் மெதுவாக இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆணையத்தில் நடந்த உண்மையான பேச்செல்லாம் அந்த இடைவெளியில்தான் நடந்தது.

விலாசினிக்கு அந்த இடைவெளியைத் தினமும் தாராளமாகக் கொடுத்தவர் குருவிள. ஆலப்புழைப் பக்கம் நெடுமுடிக்காரர்; கிறிஸ்தவப் பெரியவர் என்பதால் அவளுக்கு ‘அச்சாயன்’. பஹ்ரைன் துறைமுகத்தில் ஆயுசு முழுக்கக் கிரேன் ஓட்டிவிட்டு, மனைவி இறந்த பிறகு ஊரோடு வந்து தங்கியவர். பதிவேட்டில் அவர் பெயர் கிழக்கேப்பறம்பில் புத்தன்வீட்டில் சாக்கோ இட்டியவிரா குருவிள. வீட்டுப்பேர் இரண்டு, அப்பன், அப்பனுக்கு அப்பன் எல்லாரையும் கூட்டிக்கொண்டுதான் எங்கும் போவார். அந்தக் கூட்டத்தைத் தட்டி முடித்தால் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும்.

"தயவுசெய்து காத்திருக்கவும் அச்சாயா."

"எனக்கென்ன அவசரம். வள்ளம் பிடிக்கப் போறேனா? இன்னைக்கு என்ன கறி மோளே?"

"மத்தி. நேத்து வச்சது."

"நேத்து வச்ச மத்திக்கு ராஜாவே வருவான். குடம்புளியா?"

"பின்னே, தக்காளி போடுவாங்களா?"

"அங்க திருவனந்தபுரத்துல போட்டாலும் போடுவீங்க. உங்களை நம்ப முடியாது."

இப்படித்தான். உலகத்தைப் புரட்டுகிற பேச்சு ஒன்றுமில்லை. ஆனால் இன்று என்ன கறி என்று அவளைக் கேட்க உலகத்தில் அவர் ஒருத்தர்தான் இருந்தார். வட்டம் நின்று திரை திறந்துவிட்டால் விலாசினிக்கு முகம் வாடிவிடும். பிறகு வயிறு சரியாகப் போகிறதா என்று கேட்க வேண்டும்.

கெட்டது ஒரு திங்கட்கிழமை வந்தது. ஒற்றப்பாலத்திலிருந்து கல்யாணிக்குட்டியம்மா கூப்பிட்டாள். குளியலறையில் விழுந்து கிடக்கிறாள்; கையில் போன் மட்டும் இருக்கிறது. அவளுக்கும் மூன்று முழத்துக்குத் தறவாட்டுப் பேர், அதாவது பரம்பரைக் குடும்பப் பேர். விலாசினி தட்டினாள். வட்டம் சுற்றியது. வண்டி அனுப்புகிற பொத்தான் திரைக்கு உள்ளே இருக்கிறது. திரை திறக்காமல் பொத்தான் இல்லை. கிழவி தன் விலாசத்தை இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்லத் தெம்பில்லாமல் முனகினாள். குழாய் ஒன்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. கடைசியில் பால் கொண்டுவந்தவன் கதவைத் தள்ளித் தூக்கினான். இடுப்பு போயிற்று, உயிர் தங்கியது.

விலாசினி அன்றைக்குச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மூன்றாம் மாடிக்குப் புகார் சொல்லப் போனாள். திரை சட்டென்று திறந்தால் குருவிளயோடு பேச்சு போய்விடும் என்பது படியேறும்போதே அவளுக்குத் தெரிந்தது. இரண்டாம் மாடியில் கொஞ்சம் நின்றாள். காதில் குழாய்ச் சத்தம் வந்தது. ஏறிவிட்டாள்.

மூன்றாம் மாடியில் ஷிபு என்ற ஒப்பந்தப் பையன் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் பார்க்க வருவதில்லை என்பதால் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"இதுக்குக் காரணம் எனக்குத் தெரியும் சேச்சி. யாராவது வந்து கேப்பாங்கன்னு ஒரு வருஷமா உக்காந்திருக்கேன்."

"கேக்காட்டி சொல்ல மாட்டியா?"

"கேக்காம சொன்னா விளக்கம் கேப்பாங்க." அவன் கட்டன் சாயாவை நகர்த்தி வைத்தான். "நம்ம செயலி நேரா தரவுத்தளத்தோட பேசறதில்ல. நடுவுல ஒரு துபாஷி இருக்கான். நாம நம்ம பாஷையில கேக்கறதை அவன் தரவுத்தளத்தோட பாஷையில மாத்திச் சொல்லுவான். கெட்டிக்காரன்தான். ஆனா அவனுக்கு ஒரு வியாதி. பேரைக் குடுத்தா எழுத்தை எண்ணுவான். ‘அஞ்செழுத்துப் பேர் ஒண்ணு வருது’ம்பான். அடுத்தது ‘ஆறெழுத்துப் பேர் ஒண்ணு வருது’ம்பான்."

"எண்ணிட்டுப் போறான். நமக்கென்ன?"

"தரவுத்தளம் அசல் கவர்மென்ட் குமாஸ்தா. அஞ்செழுத்துக் கேள்வி வேற, ஆறெழுத்துக் கேள்வி வேறன்னு நினைக்கும். ஒவ்வொண்ணுக்கும் எந்த வழியாத் தேடறதுன்னு முதல்லேருந்து யோசிக்கும். யோசிச்சதை அலமாரியில வச்சுக்கும். பேர் ஒரு நீளம், வீட்டுப்பேர் ஒரு நீளம், ஊர் ஒரு நீளம். பெருக்கிப் பாருங்க. அலமாரி ரொம்பி வழிஞ்சு, பழசைத் தூக்கிப் போடுது. மணி, கொல்லம்னா அடிக்கடி வர்ற நீளம், அலமாரியில இருக்கும். உங்க குருவிள மாதிரி நீளம் எப்பவாவதுதான் வரும். ஒவ்வொரு தடவையும் புதுசா யோசிக்கணும்."

"மாத்த முடியாதா?"

"எல்லாப் பேருக்கும் ஒரே நீளம்னு துபாஷிகிட்ட சொல்லிட்டாப் போதும். எவ்வளவு பெரிய பேரும் அடங்கற மாதிரி, நாலாயிரம். ஒரே ஒரு வரி. ஆனா ஒரு வரி மாத்த ஒப்புதல் வேணும். ஒப்புதலுக்குக் குறிப்பு வேணும். குறிப்பு ஒரு வரியில இருந்தா வாங்க மாட்டாங்க."

குறிப்பு போயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே நான்காம் மாடி முழுக்கப் பூசாரிகள். இயக்குநர் குறுப்பு கூட்டம் கூட்டினார். சாட்சி சொல்ல விலாசினியையும் ஷிபுவையும் கடைசி நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள்.

"நாலாயிரம் எழுத்தா?" என்றார் நிதி ஆலோசகர் சுலோசனா பாய். "இந்த மாநிலத்துல நாலாயிரம் எழுத்துல பேர் வச்சவன் எவன்? நாளைக்குத் தணிக்கைக்காரன் கேப்பான், மீதி எழுத்தெல்லாம் எங்கன்னு."

"மேடம், அது இடம் பிடிக்காது," என்றான் ஷிபு. "இவ்வளவு வரைக்கும் வரலாம்னு ஒரு வாக்குதான். குடத்துக்கு வெளியே எழுதற அளவு மாதிரி. உள்ள ஊத்தற தண்ணி அதேதான்."

"பெரிய குடம்னு எழுதிட்டு ஒரு டம்ளர் தண்ணி கொண்டுபோனா அதுக்குப் பேர் மோசடி."

குறுப்பு கையை உயர்த்தினார். அவர் பேசும்போது மின்விசிறியைக் குறைப்பது வழக்கம், குறைத்தார்கள். "நண்பர்களே, ஒரு மனுஷனோட பேர் அவனோட கௌரவம். அதுக்கு எவ்வளவு நீளம்னு ஒரு ஒப்பந்தப் பையன் முடிவு பண்றதா? ஜனநாயகத்துல நீளத்தை ஜனங்கதான் முடிவு பண்ணணும். ஜனங்க சார்பா நாம. காத்திருக்க வேண்டியிருக்குன்னு புகார் வந்திருக்கு. அதைப் பொறுமையா, எவ்வளவு காலம் ஆனாலும் பரிசீலிக்கணும்." எல்லாரும் தலையாட்டினார்கள். பழம்பொரி வந்தது.

பெயர் நீள நிர்ணயக் குழு அப்படிப் பிறந்தது. காசர்கோட்டிலிருந்து பாறசாலை வரை குழு சுற்றுப்பயணம் போனது. மூணாறில் பெயர்கள் நீளமா குட்டையா என்று பார்க்க, குளிர் காலத்தில் குடும்பத்தோடு தங்க வேண்டியிருந்தது. விசாரணைகளில் குடும்ப யோகங்கள் என்ற குலச் சங்கங்கள் பதாகை பிடித்துக்கொண்டு வந்தன. எங்கள் தறவாட்டுப் பேரில் ஓர் எழுத்தைத் தொட்டால் நீதிமன்றம் போவோம் என்றது ஒரு யோகம். பக்கத்துத் தறவாட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் எங்களுக்கு ஓர் எழுத்து கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்றது இன்னொன்று. ஆணையத்தின் ஆளுங்கட்சி ஊழியர் சங்கம் பெயர்களைக் குறைத்தால் விரல் வலி குறையும் என்று மனுக் கொடுத்தது. எதிர்ச் சங்கம் அதே காரணத்துக்காக ஆள் குறைப்பு வரும் என்று வாயிற்கூட்டம் போட்டது.

இதற்குள் மழைக்காலம் ஒன்று போயிற்று. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"உங்க குழு எங்க வரைக்கும் வந்திருக்கு மோளே?"

"உங்க பக்கம்தான். ஆலப்புழையில படகு வீட்டுல உக்காந்து பேரை அளக்கறாங்களாம்."

"என் பேரைக் கேட்டா படகு முங்கிடும்னு சொல்லு." அவர் சிரித்தார். "சீக்கிரமாயிட்டா, கூப்பிட்ட உடனே வயித்தைப் பத்திக் கேப்பியா?"

"கேக்கணும் அச்சாயா."

"ம். நீ சொன்ன அந்தக் கல்யாணிக்குட்டியம்மாவுக்கு ஆகட்டும். நமக்கென்ன."

அறிக்கை இரண்டு தொகுதிகளாக வந்தது. சுலோசனா பாய் சராசரி எடுத்திருந்தார். மாநிலத்தில் ஒரு பெயரின் சராசரி நீளம் இருபத்து நான்கு எழுத்து. ஆகவே எல்லாப் பெயருக்கும் இருபத்து நான்கு. ஷிபு எழுந்து நின்றான்.

"சார், அதைவிட நீளமான பேர் வந்தா துபாஷி மீதியை வெட்டிடுவான். வெட்டினேன்னு சொல்லவும் மாட்டான். வெட்டின பேரை வச்சுத் தேடினா யாரும் கிடைக்க மாட்டாங்க. பாதிப் பேர் காணாமப் போவாங்க."

"சராசரிக்கு மேல இருக்கறவங்களைப் பத்தி இந்த அரசாங்கம் என்னைக்குக் கவலைப்பட்டிருக்கு?" என்றார் குறுப்பு. "சராசரி மனுஷன்தான் நம்ம தெய்வம். நீளப் பேர்க்காரங்களுக்குத் தனியா ஒரு குழு போடுவோம். சத்தமில்லாம வெட்டறதைப் பத்திச் சொன்னே பாரு, அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. புகார் வராது."

திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். அமைச்சர் ‘மணி, கொல்லம்’ என்று தட்டினார். விரலை எடுப்பதற்குள் மணியின் பக்கம் திறந்தது. கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. கூட்டத்தோடு விலாசினியும் தட்டினாள். ஒற்றப்பாலத்துக் கிழவி நினைவுக்கு வந்ததால் மனசாரத்தான் தட்டினாள்.

அடுத்த நாள் குருவிள கூப்பிட்டார். முழுப்பெயரையும் தட்டினாள். வட்டம் சுற்றவே இல்லை. ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று சிவப்பில் வந்தது. கீழே சின்ன எழுத்தில், ‘இல்லாதவருடன் பேச வேண்டாம்.’ "அச்சாயா" என்று அவள் ஆரம்பிப்பதற்குள் கருவி நன்றி சொல்லித் துண்டித்துவிட்டது. அவர் திரும்பக் கூப்பிட்டார். திரும்பவும் இல்லை என்றது. மூன்றாவது தரம் பெயரைச் சொல்லும்போது அவர் குரலே சந்தேகமாக இருந்தது. அன்று மத்தியானம் ஒற்றப்பாலமும் இல்லை என்று ஆயிற்று.

விலாசினி நான்காம் மாடிக்குப் போய்க் குறுப்பின் முன்னால் நின்றாள். "சாரே, அவர் இருக்கார். ரெண்டு வருஷமா நான் தினம் பேசறேன்."

"யாரோட?"

"குருவிளயோட."

குறுப்பு தன் திரையில் பார்த்தார். "அப்படி ஒருத்தர் இல்லையே. இல்லாத ஒருத்தரோட ரெண்டு வருஷம் அரசாங்க நேரத்துல பேசியிருக்கீங்கன்னு நீங்களே சொல்றீங்க. இதை நான் கேக்காத மாதிரி இருந்துக்கறேன். அது என்னோட பெருந்தன்மை." பிறகு குரலைத் தணித்தார். "வீட்டுல துணைக்கு யாராவது இருக்காங்களா உங்களுக்கு?"

"இல்ல சாரே."

"அதான். நீங்களும் பதிவு பண்ணிக்கலாமே. பேர் சின்னதுதானே?"

நீளப் பேர்க்காரர்கள் கெஜட்டில் விளம்பரம் செய்து பெயரைக் குறைத்து, சான்றிதழோடு நேரில் வரலாம் என்று சுற்றறிக்கை போயிற்று. குருவிளயைத் தானே கூப்பிட விலாசினிக்கு வழியில்லை. கூப்பிடுகிறவர்களின் எண் திரையில் நட்சத்திரங்களாகத்தான் வரும். தன் எண்ணைக் கொடுக்கலாம் என்றால், பேச்சில் நாலு இலக்கம் சேர்ந்து வந்தாலே கருவி மேற்பார்வையாளரைக் கூவி அழைக்கும். அப்படி ஒருத்திக்கு வேலை போயிருந்தது. நெடுமுடிக்கு ஒரு கார்டு போட்டாள். பதில் இல்லை. வரிசையில் உட்கார்ந்து நாளெல்லாம் சட்டுச் சட்டென்று திறக்கிற திரைகளைப் பார்த்து, சாப்பிட்டீர்களா, மருந்து, வயிறு என்று கேட்டாள். யாரும் அவளைக் காத்திருக்க வைக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒருத்திக்கு மீன் கறி வைத்து, அதைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

ஓணத்துக்கு முந்தின கற்கடக மாசக் கடைசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் ஓர் அழைப்பு வந்தது.

"பேர் சொல்லுங்க."

"ரேச்சல்." ஆண் குரல். "ஊர் நெடுமுடி. வீட்டுப்பேர் கிடையாது."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். தட்டினாள். திரை உடனே திறந்தது.

"அச்சாயா, யாரு இது?"

"என் பொண்டாட்டி. நான் பஹ்ரைன்ல இருந்தப்போ உங்ககிட்ட பேர் குடுத்து வச்சிருக்கா. ஒரு நாளும் என்கிட்ட சொன்னதில்ல. போய்ச் சேர்ந்து மூணு ஓணம் ஆச்சு. ஓணம் வந்தா உங்க இயக்குநர் கையெழுத்துப் போட்டு அவளுக்கு இன்னும் வாழ்த்து அனுப்பறார். இந்த வருஷத்து கார்டு நேத்து வந்தது. பேரை நீங்க வெட்டவே இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சது. நான் இல்ல, அவ இருக்கா. சரி, அவ பேருல கூப்பிடலாமேன்னு."

சிரிப்பாரோ என்று விலாசினி காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. திரையின் மூலையில் மூன்று நிமிஷக் கடிகாரம் ஓட ஆரம்பித்திருந்தது. குழுவின் சீர்திருத்தத்துக்குப் பிறகு, பதிவில் இருப்பதை முதலில் உரக்கப் படித்து மாற்றம் உண்டா என்று கேட்டால்தான் மற்றக் கேள்விகள் வரும். அவள் படித்தாள்.

"வீட்டில் உடனிருப்பவர், யாருமில்லை. கணவர், வெளிநாட்டில். வருவதாகச் சொல்லியிருக்கிறார்." நிறுத்தினாள். "மாற்றம் ஏதாவது உண்டா?"

மறுமுனையில் மழை கேட்டது.

"வந்துட்டார்னு எழுது மோளே," என்றார் குருவிள.

விலாசினி வாயருகே கையை வைத்துக்கொண்டாள். "அப்படி எழுதினா, இவங்க இனிமே தனியா இல்லைன்னு சொல்லி இயந்திரம் இந்தப் பேரையும் எடுத்துடும் அச்சாயா. அப்புறம் நாம பேச வேற வழி இல்ல."

"ஓ."

"என்ன போடட்டும்? நேரம் ஓடுது."

"அப்போ இன்னும் வரலைன்னே போடு," என்றார். "அவளுக்கு அது பழக்கம்தான்."

விலாசினி ‘மாற்றம் இல்லை’ என்பதை அழுத்தினாள். திரை உடனே ஏற்றுக்கொண்டது.